நிலுவையில் ஒன்றுமில்லை

"நகராட்சிப் புகார் ஆப் வந்து மூணு மாசமாச்சு. ஒண்ணுகூட நிலுவைல இல்ல. அதுவும் முப்பதே வரி புரோகிராம்ல. எப்படிப்பா?" என்றார் மேனேஜர்.

"தண்ணி, விளக்கு, ரோடுன்னு ஏழு வகைப் புகாரையும் 'எனம்'னு ஒரு பட்டியல்ல அடுக்கிட்டேன் சார். ஒவ்வொண்ணு பக்கத்துலயும் அது வந்தா என்ன செய்யணும்னு சொல்ற மெத்தட். எந்தப் புகார் வந்தாலும் ஒரே பொது ஃபங்ஷன் அந்த மெத்தடைக் கூப்பிட்டுப் பாத்துக்கும்" என்றான் ஆப்பை எழுதியவன்.

மனைவியின் போன் வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினான். தெருமுனைப் பள்ளத்தில் விழுந்த அவன் அப்பா இனி நடக்கமாட்டாராம்.

"அந்தப் பள்ளத்துக்கு நாலு தடவை ஆப்ல புகார் போட்டேங்க. இன்னொரு தடவை போடவா?" என்றாள் மனைவி.

"போடு" என்றான். நகராட்சித் துறைகள் ஆப்பில் இணையும்வரை தற்காலிகமாக இருக்கட்டும் என்று ஏழு வகைக்கும் அவன் கொடுத்துவைத்தது ஒரே மெத்தட்தான்.

அவள் போன் உடனே ஒலித்தது: "நன்றி. உங்கள் புகார் தீர்க்கப்பட்டது."