மூன்றாவது டயர்

“ஜீப் டயர்ல அடிச்சுக் காட்டுங்க.”

கடையில் இருந்தவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அதை மட்டும் கேட்டுவிடாதே என்று அப்பா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். குடுக்கிற காத்து பம்பை வாங்கு. ஜீப் சாவியை வாங்கு. படிச்ச வாயைத் திறக்காம வந்து சேரு.

திறந்துவிட்டாள்.

மலைக்கு ஓடுகிற ஜீப்புகள் எல்லாம் கடைக்காரர் கதிரேசனுடையவை. டயருக்குக் காற்றடிக்கிற பம்பு மட்டும் டிரைவர் பாடு. அதையும் அவர் கடையில்தான் வாங்க வேண்டும்.

வாங்க வருகிறவனுக்கு அவருடைய பைக்கில்தான் அடித்துக் காட்டுவார்கள். முன் டயரில் காற்றை இறக்கி, பம்பு இருக்கிற நீலப் பெட்டியின் சுருள் குழாயை மாட்டுவார்கள். வந்தவன் பீடி பற்றவைப்பதற்குள் டயர் கல்லு மாதிரி ஆகிவிடும். அதைப் பார்த்துத்தான் அத்தனை டிரைவர்களும் தலையாட்டி வாங்கிப் போனார்கள்.

அப்பாவும்.

“பவுன்ராசு மகள்ல. இன்ஜினியரிங்கு” என்றார் கதிரேசன். “காத்துக்கும் மார்க்கு போடும்.”

கடையே சிரித்தது.

அவள் சிரிப்பு அடங்கக் காத்திருக்கவில்லை. வாசலில் நின்ற, அப்பா ஓட்டுகிற ஜீப்பிடம் போனாள். ஒரு பக்கம் மட்டும் புதுப் பெயிண்ட். போன மாதம் கவிழ்ந்த பக்கம்.

கல்பாதை தொடங்கும் இடத்தில் டயர்களில் பாதிக் காற்றை இறக்கினால்தான் ஜீப் மலை ஏறும். இறங்கிவந்து தார் ரோட்டைத் தொட்டதும் மறுபடி நிரப்ப வேண்டும். நிரப்பாமல் வளைவில் ஸ்டீயரிங்கை ஒடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்.

அப்பாவுக்குக் கழன்றது. பின் சீட்டில் இருந்த பெண்ணுக்குத் தோள்பட்டை முறிந்தது.

“பம்பு கத்திக்கிட்டுத்தாம்மா இருந்துச்சு. ஏறுதுன்னு நெனச்சேன்.”

அவ்வளவுதான் அப்பா சொன்னது. அதற்கு மேல் கேட்டால் சுவரைப் பார்ப்பார்.

ஜீப் ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியைக் கவிழ்த்தவன் மற்ற டிரைவர்கள் முன்னால் கைகட்டி நின்று, என் தப்புதான் என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் மறுநாள் சவாரி. சொல்லாதவனுக்கு இந்த ஊரில் ஜீப் கிடையாது.

இன்று சாயங்காலம் அப்பா சொல்லப் போகிறார். சட்டையைக் காலையிலேயே இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டிவிட்டார். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி.

அவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். குந்தி உட்கார்ந்து மூன்று டயர்களில் காற்றைப் பாதியாக இறக்கினாள். நீலப் பெட்டியை அவளே மாட்டினாள்.

முதல் டயர் நிரம்பியது.

“போதுமா பாப்பா?” என்றார் கதிரேசன்.

போதாது.

இரண்டாவது டயருக்கு அது மூச்சு வாங்கியது. கதிரேசனுக்கு டீ வந்தது. குடித்து முடித்தார். டயர் ஒருவழியாக நிமிர்ந்தபோது பெட்டியைத் தொட முடியவில்லை. இஸ்திரிப் பெட்டிச் சூடு.

“கொஞ்சம் ஆற விடணும். எல்லாருக்கும் தெரிஞ்சதுதான” என்றார்.

“கீழ சவாரி நிக்கும்போது ஆற விடுவீங்களா?”

இறங்கிவருகிற ஜீப் தாமதித்தால் போன் போட்டுக் கத்துகிறவரே அவர்தான்.

மூன்றாவது டயரில் மாட்டினாள். குழாய் பம்போடு சேருமிடத்தில் பிளாஸ்டிக் வெல்லப்பாகாக இளகியது. மெல்ல விலகியது.

பம்பு கத்திக்கொண்டே இருந்தது.

சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. டயரில் ஒன்றும் ஏறவில்லை.

இளகிய இடத்தில் கையை வைத்துப் பார்த்தாள். சூடான காற்று அவள் உள்ளங்கையில் வீணாய்ப் போனது.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பெட்டியை அணைக்கக்கூட யாரும் வரவில்லை. அவளே அணைத்தாள்.

கதிரேசன் உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் வேறொரு பம்பு. இரட்டை சிலிண்டர். பேட்டரியில் நேராகக் கவ்வுகிற கிளிப். விரல் தடிமனில் கறுப்பு ரப்பர் குழாய், உள்ளே நூல் பின்னல், முனையில் பித்தளை மரை. பின் சக்கரம் வரைக்கும் தாராளமாக எட்டும்.

கடை அலமாரியில் அதை அவள் பார்த்ததில்லை. அவருடைய சொந்த ஜீப்பின் சீட்டுக்கு அடியில் பார்த்திருக்கிறாள்.

மேசையில் வைத்தார். பக்கத்தில் அப்பாவின் சாவி.

“உங்கப்பனுக்கு மட்டும். காசெல்லாம் வேணாம்.” குரலைத் தாழ்த்தினார். “அவன் வந்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிட்டுப் போகட்டும். நீ பாட்டுக்கு உன் சோலியப் பாரு.”

நல்ல பம்பு. அவளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தால் அதைத்தான் எடுத்திருப்பாள். குழாயை ஒருமுறை விரலால் அழுத்திக்கூடப் பார்த்தாள். அமுங்கவில்லை.

சாவியில் அப்பா கட்டிய சிவப்புக் கயிறு அப்படியே இருந்தது.

ஸ்டாண்டில் நிற்கிற ஒவ்வொரு ஜீப்பிலும் சீட்டுக்கு அடியில் நீலப் பெட்டி இருக்கிறது.

அவள் வாசலுக்கு வந்தாள். இளகிப்போன சுருள் குழாயைப் பம்பிலிருந்து இழுத்தாள். பிசின் மாதிரி நூலிழுத்துக்கொண்டு வந்தது. விரல் சுட்டது. விடவில்லை.

“பாப்பா, சாவி.”

அது மேசையிலேயே இருந்தது.

வீட்டுக்குப் போகிற பஸ் எதிரில் வந்து நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு போயிற்று. அவள் இளகிய குழாயோடு டிரைவர்கள் நிற்கிற ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள், வேகமாக.

அப்பா எங்கேயும் கொஞ்சம் முன்னாடியே போய் நிற்கிற ஆள். இன்று அவருக்கு முன்னால் அவள் போய்ச் சேர வேண்டும்.