மணல்திட்டுக்கு ஓர் அழைப்பு

பூரணியின் காதில் இருக்கும் 'மைனா' என்ற பேசும் கருவி கெட்டிக்காரி. யார் எங்கே கூப்பிட்டாலும், மனசாரக் கூப்பிடுகிறார்களா, ஒப்புக்குக் கூப்பிடுகிறார்களா என்று குரலை வைத்தே கண்டுபிடித்துவிடும். ஒப்புக்கு என்றால் ஏதாவது ஒரு வலியைச் சொல்லி, வர முடியாது என்று தானே பதில் அனுப்பிவிடும். இப்போது எல்லார் காதிலும் ஒரு மைனா உண்டு.

ஞாயிற்றுக்கிழமை மணல்திட்டுக்குப் போய்வர முழுப் படகையும் வாடகைக்குப் பேசியது பூரணிதான். "என் தங்கச்சியை விட்டுட்டா போறது?" என்றான் கணவன் இளவழுதி. உடனே நாத்தனாருக்குப் போன் போட்டுத் தேனொழுகப் பேசினாள்.

"நீ இல்லாமலா கோமளா? கண்டிப்பா வரணும்!"

கோமளாவின் மைனா முதுகுவலி என்று பதில் அனுப்பியது. பூரணி நிம்மதியாகப் புளியோதரை கிளறினாள்.

ஞாயிறு காலை அவள் குளித்துவிட்டு வந்தபோது கணவனைக் காணோம். புளியோதரைத் தூக்கையும் காணோம். போன் செய்தாள். மோட்டார் இரைச்சல் கேட்டது.

"எங்க இருக்கீங்க?"

"படகுல. நேத்து 'நீயும் வர்றியா'ன்னு வாய்ஸ் மெசேஜ்ல கேட்டேன். தலைவலின்னு உன் மைனா பதில் போட்டுச்சே! கோமளாவை நானே திரும்பக் கூப்பிட்டேன். முதுகுவலி சரியாயிடுச்சாம்."

"மைனா!" என்று கத்தினாள் பூரணி.

"அவர் கேட்ட குரல் அப்படி இருந்துச்சுக்கா," என்றது அது.

அதற்குள் போனில் நாத்தனாரின் குரல் வந்தது.

"நீங்களும் வந்திருக்கலாமே அண்ணி!"

இதற்குப் பூரணிக்கு மைனா தேவைப்படவில்லை.