டாக்டரின் தலையணை

“கண்ணை மூடிக்கங்க. மூச்சை மட்டும் கவனிங்க. இப்ப உங்க முதலாளியை நெனைச்சுப் பாருங்க” என்றார், அமெரிக்காவில் படித்துவிட்டு வேலூரில் கிளினிக் திறந்திருந்த மனநல டாக்டர்.

ஆம்பூர்த் தோல் கம்பெனி சூப்பர்வைசர் கனகராஜின் தோள்பட்டை காது வரைக்கும் ஏறியது.

“பாத்தீங்களா? கோவம் மொத்தமும் தோள்லதான் உக்காந்திருக்கு. இந்தத் தலகாணிதான் அவர்னு நெனைச்சு அடிங்க.”

இத்தனை வருஷமாக “சரிங்க முதலாளி” என்பதைத் தவிர வேறெதுவும் பேசியறியாத வாய் அன்றுதான் திறந்தது.

“மச்சான் கல்யாணத்துக்குக்கூட அரை நாள் மட்டும் லீவு குடுத்த கஞ்சப் பிசினாறி!” என்று கனகராஜ் தலையணையை வெளுத்து வாங்கினார்.

தோள் தானாக இறங்கியது. உடம்பே லேசாகிவிட்டது. நன்றியோடு தலையணையைத் தடவியவரின் கை சட்டென்று நின்றது.

“இன்னா டாக்டர், இது எங்க கம்பெனி எக்ஸ்போர்ட் தோலாச்சே! வெளியில கெடைக்காதே?”

“உங்க முதலாளி தச்சுக் குடுத்ததுதான். அவரும் இங்க வர்றார். அவர் அடிச்ச அடியில என் பஞ்சுத் தலகாணி மொத நாளே கிழிஞ்சுபோச்சு.”

“அவரா? அவரு யாரை நெனைச்சு அடிக்கிறாரு?”

“அதை யார்கிட்டயும் சொல்லக் கூடாது, தொழில் தர்மம். அதுலயும் உங்ககிட்ட சொல்லவே கூடாது!”

கனகராஜின் தோள்பட்டை மறுபடியும் காதை நோக்கிப் புறப்பட்டது.