தாய்க் கதவில் போட்ட ஆப்ஷன்

குளித்து முடித்துத் துண்டோடு நின்ற குலசேகரன், "திற" என்றார்.

"உள்ளே இருக்கும் இரண்டாம் நபரின் சம்மதம் என்ற ஆப்ஷன் கட்டாயம்" என்றது குளியலறைக் கதவு.

அந்த விதியை நேற்றுக் கதவு மென்பொருளில் எழுதியவர் அவரேதான். வங்கி லாக்கர் அறைக்காக எழுதியது. லாக்கர் கதவில் மட்டும் எழுதியிருக்கலாம். ஆனால் தலைமைக் கதவு வடிவமைப்பாளர் ஒற்றைக் கதவுக்கெல்லாம் எழுதினால் கௌரவம் என்னாவது? எல்லாக் கதவுகளுக்கும் மூலமான தாய்க் கதவில் எழுதினார். தாய்க்கு எழுதியது பிள்ளைகளுக்குத் தானாகப் போய்ச் சேரும்.

"வளர்மதி! என் லேப்டாப்புல தாய்க் கதவை ரீசெட் பண்ணு!"

"பண்ணா என்ன ஆகும்?" என்றாள் மனைவி, வெளியிலிருந்து.

"கட்டடத்துல எல்லாக் கதவும் நாப்பது நிமிஷம் பூட்டிக்கும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பதினாலு பேரு இப்பதான் லிஃப்டுல ஏறியிருக்காங்க. இப்பவே மணி பத்து. பத்தரையோட நல்ல நேரம் முடியுது."

"அப்ப கதவை உடைக்கச் சொல்லு!"

"உடைக்கவே முடியாத கதவுன்னு சொல்லித்தானே விருது வாங்குனீங்க?"

"பொண்ணுக்கு நிச்சயம்டி! அப்பன் இல்லாம எப்படித் தட்டு மாத்துவீங்க?"



"எங்க அண்ணன் மாத்துவாரு" என்றாள். கொலுசுச் சத்தம் கூடத்துப் பக்கம் போனது.

சிறிது நேரத்தில் நாதஸ்வரம் கேட்டது. குலசேகரன் கதவில் நெற்றியை வைத்து, "உதவி" என்றார்.

கதவு, அவர் பெருமையோடு பதிவு செய்து வைத்திருந்த அவருடைய கம்பீரக் குரலிலேயே, நானூற்றுப் பன்னிரண்டு ஆப்ஷன்களையும் ஒவ்வொன்றாக விளக்கத் தொடங்கியது.