விரல் உழவு

தவசி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஒச்சாயி நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. மூன்று வயதுத் தம்பி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சீனியம்மாளின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

ஒரே மாதத்தில் மறந்துவிட்டான்.

ஆடியில் அப்பனைக் காலரா கொண்டுபோனதும் அக்காவையும் தம்பியையும் மதுரையில் அநாதைப் பிள்ளைகளுக்கு விடுதி நடத்திய சங்கத்தார் எடுத்துக்கொண்டார்கள். தவசியைப் பார்த்த மாத்திரத்தில் சமயநல்லூர்ச் சீனியம்மாள் வளர்க்கக் கேட்டுவிட்டாள். பதினோரு வயதுப் பெண்ணை யாரும் கேட்கவில்லை. ஒச்சாயி சங்கத்து விடுதியிலேயே தங்கிப்போனாள்.

வளர்க்கிறவர்கள் மாதம் ஒருமுறை பிள்ளையைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்பது சங்கத்தின் சட்டம். அதற்காகத்தான் காலை ரயிலில் வந்திருந்தாள் சீனியம்மாள்.

தவசியின் இடுப்பில் வெள்ளி அரைஞாண் மின்னியது. தலையில் எண்ணெய் வழிந்தது. திருஷ்டிப் பொட்டு வலது கன்னத்தில் இருந்தது.

இடது கன்னத்தில் அல்லவா வைக்க வேண்டும்? இதுகூடத் தெரியாதவளிடமா பிள்ளையைக் கொடுத்தார்கள்?

சங்கத்து வசுந்தரா அம்மாள் அவனைத் தராசில் உட்காரவைத்தார். நன்றாகச் சதை பிடித்திருக்கிறான் என்று சிரித்தார். கொஞ்சம் இளைத்திருக்கக் கூடாதா என்று நினைத்தாள் ஒச்சாயி. நினைத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஆத்தாட்ட வாடா, என் ராசா" என்று சீனியம்மாள் கையை விரித்தாள்.

அவன் போனான்.

இவளா ஆத்தா?

ஒச்சாயி வேப்பமரத்தடிக்குப் போய் நின்றாள். கொஞ்ச நேரத்தில், பிள்ளையைத் தோளில் போட்டபடி சீனியம்மாள் அங்கேயே வந்தாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பொழுது சாஞ்சா ஆத்தா ஆத்தான்னு கெடந்து அழுகுறான், தாயி. எம்புட்டுத் தட்டிக் குடுத்தாலும் கண்ணு மூட மாட்டேங்குறான். உங்காத்தா என்ன செஞ்சு தூங்க வைப்பா? தெரிஞ்சாச் சொல்லு."

ஒச்சாயி விடுதி வாசலைப் பார்த்தாள்.

போன வாரம்தான் இதேபோல் ஓயாமல் அழுத ஒரு பிள்ளையை, எங்களுக்குக் கட்டுப்படியாகாது என்று ஒரு வீட்டார் திருப்பிக் கொண்டுவந்து விட்டுப்போனார்கள். தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தவசியும் வந்துவிடுவான். இந்த விடுதிப் பாயில், அவள் பக்கத்தில்.

அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது.

தவசி கண்ணைக் கசக்கினான். இமை இரண்டும் வீங்கியிருந்தன. அவனுக்குப் பின்னால் சீனியம்மாளின் கண்களும் தூக்கமில்லாமல் சிவந்து கிடந்தன.

"தட்டக் கூடாது. முதுகுல உழவு ஓட்டணும்" என்றாள் ஒச்சாயி.

அவன் சட்டையைத் தூக்கிவிட்டு, முதுகில் ஒற்றை விரலை வைத்து மேலிருந்து கீழே மெதுவாக இழுத்தாள். அடிவரை போய், பக்கத்திலேயே திருப்பி மேலே. ஒரு சால். இன்னொரு சால். மூன்றாவதில் அவன் உடம்பு தளர்ந்தது. தலை சீனியம்மாளின் தோளில் சாய்ந்தது.

ஒச்சாயி சீனியம்மாளின் விரலைப் பிடித்து அதே தடத்தில் வைத்தாள். தன் விரலை எடுத்துக்கொண்டாள்.

கை மாறியது அவனுக்குத் தெரியவில்லை.

"ஆத்தா" என்று முனகினான், கண்ணைத் திறக்காமலே.

சீனியம்மாளின் முகம் மலர்ந்துபோனது. "என்னயத்தானே கூப்பிடுறான்?"

"ஆமா" என்றாள் ஒச்சாயி.

"உங்காத்தா மகராசி. எம்புட்டுப் பக்குவமாப் பழக்கி வச்சிருக்கா!"

ஒச்சாயி தலையை மட்டும் ஆட்டினாள்.

தவசி தன்னைப் பெற்றவளைப் பார்த்ததே இல்லை. அவன் பிறந்து விழுந்த அன்றைக்கே அவள் கண்ணை மூடிவிட்டாள். அன்றிலிருந்து அவன் முதுகில் உழவு ஓட்டியது, அப்போது எட்டு வயதாயிருந்த ஒச்சாயியின் விரல்தான்.