தினமும் புத்தம் புதுசு

“லினக்ஸ் எப்படிக்கா ஓடுது?” செருப்பைக் கழற்றும்போதே கேட்டான் தம்பி. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அக்காவின் பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்த பெருமை, ஒரு மாதமாகியும் அவனுக்கு இறங்கவில்லை.

“பறக்குதுடா. தினமும் வைஃபை பாஸ்வேர்டு கேக்குறதுதான்…”

“பாதுகாப்புக்குக்கா. போன்லயே சொன்னேனே.”

“சொன்ன, சொன்ன. பழகிட்டேன்.”

மேஜைமேல் தடிமனான நோட்டு ஒன்று கிடந்தது. புரட்டினான். டியூஷன் பிள்ளைகளுக்கான கேள்வித்தாள்கள், பக்கம் பக்கமாக அக்காவின் கையெழுத்தில்.

“ஏன்க்கா, டைப் பண்றதில்லையா?”

“டைப் பண்ணதைத்தான் பார்த்து எழுதி வைக்கிறேன். அணைச்சா எல்லாம் போயிடுதில்ல? மறுபடி பிரிண்ட் வேணும்னா முதல்லேர்ந்து அடிப்பேன். லினக்ஸ்னா அப்படித்தான், பழகிடும்னு நீதானே சொன்ன?”

சொன்னதுதான். அவள் என்ன கேட்டாள் என்று காதில் வாங்காமலே சொன்னது.

குனிந்து கம்ப்யூட்டரின் பின்பக்கம் பார்த்தான். ஆபீஸ் முழுக்கத் தேடிய அவனுடைய பென்டிரைவ் அங்கே சொருகியபடியே இருந்தது. அன்று அதிலிருந்து லினக்ஸை ஓட்டிக் காட்டியதோடு சரி. கம்ப்யூட்டரில் ஏற்றவே மறந்து கிளம்பியிருக்கிறான். பென்டிரைவிலிருந்து ஓடினால், அணைத்ததும் எதுவும் தங்காது.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நிமிரவில்லை.

“எதையும் தொடாதேன்னு நீ சொன்னதால தூசிகூடத் தட்டலடா,” என்றாள் அக்கா. “பக்கத்து வீட்டு டீச்சரும் போட்டுத் தரச் சொன்னாங்க. என் தம்பி போட்டா கம்ப்யூட்டர் தினமும் காலையில புத்தம் புதுசா இருக்கும்னு சொல்லி வச்சிருக்கேன்.”