கழற்றாத துண்டு

"ஏலே நேசையா! துண்டைக் கழத்திட்டு உள்ள வா."

மரம் அறுக்கும் கொட்டகை வாசலில் மேஸ்திரி அம்பலவாணம் பிள்ளை போட்ட சத்தத்தில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த நேசையா அசையவில்லை.

"கழத்த மாட்டேன் ஐயா."

"என்னலே சொன்னே?"

"வேலைதான ஐயா செய்யணும்? செய்யுதேன். துண்டு அது பாட்டுக்கு என் தோள்ல கிடக்கட்டும்."

பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது.

தாமிரபரணிக் கரையில் நீராவி எஞ்சின் வைத்து ரம்பம் ஓட்டுகிற கொட்டகை அது. எஞ்சினிலிருந்து ரம்பத்துக்கு ஓடும் தோல் பட்டை லேசுப்பட்டதல்ல. துணியின் நுனி சிக்கினால் ஆளையே சுருட்டி இழுத்துவிடும். தூத்துக்குடியில் ஒருவன் அப்படிச் செத்ததைப் பிள்ளை கண்ணால் பார்த்திருக்கிறார். பனங்காட்டிலிருந்து வந்த நேசையாவோ எஞ்சினைக் கண்டதே அன்றைக்குத்தான்.

மறுநாளும் சத்தம் போட்டார். "கழத்துலே!"

அவன் துண்டை இன்னும் நன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"கிறிஸ்து வேதத்துல சேந்த திமிரு, அண்ணாச்சி" என்றான் எஞ்சின் ஓட்டுகிற பிச்சைக்கண்ணு. அங்கிருந்த மற்றவர்கள் பிள்ளை சொன்ன அன்றே கழற்றினவர்கள். ஏன் எதற்கு என்று ஒருவரும் கேட்டதில்லை.

வேலையில் நேசையாவுக்கு ஈடாக ஆள் கிடையாது. அவனை அனுப்பவும் பிள்ளைக்கு மனசில்லை. "எக்கேடும் கெட்டுப் போறான்" என்று விட்டுவிட்டார்.

பதினோராம் நாள், உச்சிப் பொழுது. தடியை ரம்பத்துக்குத் தள்ளக் குனிந்தவனின் துண்டு நழுவிப் பட்டையில் விழுந்தது. சட்டென்று எட்டிப் பிடித்தான். பட்டை துண்டோடு கையையும் இழுத்துக்கொண்டது.

பிச்சைக்கண்ணு ஓடிப்போய் எஞ்சினை நிறுத்துவதற்குள், வலது கையில் முழங்கைக்குக் கீழே ஒன்றும் மிச்சமில்லை.

பிள்ளைதான் தன் வேட்டியைக் கிழித்துக் கட்டுப் போட்டார். தன் மடியில் கிடத்தி, மாட்டுவண்டியில் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

மூன்றாம் நாள் பார்க்கப் போனபோது, நேசையாவின் பெண்டாட்டி சாலோமி அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளையைக் கண்டதும் எழுந்து சுவரோரமாக நின்றாள்.

அவர் கட்டிலோரமாகப் போய், கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். ஆனாலும் வாயில் வந்தது இதுதான்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, கேட்டியாலே?"

நேசையா மெல்லச் சொன்னான். "எங்கப்பன் ஆயுசு பூரா உங்க ஆளுகளைக் கண்டாத் துண்டை எடுத்துக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நின்ன மனுசன், ஐயா. நீங்களும் அந்த மருவாதிக்குத்தான் கழத்தச் சொல்லுதீயன்னு நெனச்சிட்டேன்."

"மருவாதியா? பட்டை இழுத்துரும்னுல்லா சொன்னேன்!"

"பட்டைன்னு ஒரு வார்த்தை நீங்க சொல்லலையே, ஐயா. சொல்லியிருந்தா அந்த நிமிசமே கழத்தி எறிஞ்சிருப்பேன்."

பிள்ளை மறுத்துப் பேச வாயெடுத்தார். அந்தப் பதினோரு நாளில் தான் சொன்னதையெல்லாம் நினைத்துப் பார்த்தார். "கழத்துலே" என்பதைத் தவிர வேறொரு சொல்லும் ஞாபகத்துக்கு வரவில்லை.

முந்தின மாதம் முதலாளியின் மைத்துனர் கொட்டகையைச் சுற்றிப் பார்க்க வந்தபோது, "அங்கவஸ்திரத்தை இப்படிக் குடுங்க, பட்டை இழுத்துரும்" என்று அவர் முன்னால் கைகட்டி நின்று, தூத்துக்குடிக் கதையையும் விவரமாகச் சொன்னவர் இதே அம்பலவாணம் பிள்ளைதான்.